மணியோசைக்கு ஓடிவந்த பிள்ளைகள்

திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் ஆலந்தலை, அதையும் தாண்டினால் மணப்பாடு. வடக்கே வீரபாண்டியன்பட்டினம், காயல்பட்டினம், புன்னைக்காயல். இந்தக் கரையின் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரியவர்கள் கிளம்பினாலும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு பாக்கி இருக்கும். அங்கே ஏழு வயதுப் பையன் ஒருவனைக் கவனித்தால் போதும். ஒரு காலை மடக்குவான், மறு காலை நீட்டுவான், முன்னால் இருப்பவளின் சடையை இழுப்பான், ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பான். "ஏல, சும்மா உக்காருல" என்று பாடம் நடத்தும் அக்கா சொல்வது காதில் விழும், கால் கேட்காது.

இதே கரையில், இதே வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு 1542-ல் ஒருவர் பாடம் நடத்தினார். பிரான்சிஸ் சவேரியார். அவர் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் செபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை உட்காரவைத்து, பெரும்பாடுபட்டு, செபங்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே விவரிக்கிறார். மணியடித்தபடி ஊரைச் சுற்றிப் பையன்களையும் ஆண்களையும் திரட்டுவார். நாளுக்கு இரண்டு முறை பாடம். ஒரு மாதத்தில் செபங்கள் வாயில் ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடும். விசுவாச மந்திரத்தின் 12 பிரிவுகளையும் ஒவ்வொன்றாக அவர் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்லும். "இதை நம்புகிறீர்களா?" என்று கேட்பார். எல்லாரும் கைகளை மார்பின்மேல் சிலுவைபோல் மடித்து, நம்புகிறோம் என்று உரக்கச் சொல்வார்கள். அப்புறம் 10 கட்டளைகள். பிரிவுக்குப் பிரிவு இடையிடையே செபம்.

சும்மா கேட்டுக்கொண்டிருக்க அந்த வகுப்பில் யாருக்கும் நேரமில்லை. வாய் பேசுகிறது, கை மடங்குகிறது, முறை வைத்துக் கேள்வி வருகிறது. துறுதுறுப்பான பிள்ளைக்கு இதைவிடத் தோதான வகுப்பை இன்று திட்டமிட்டாலும் அமைப்பது கடினம்.

அதைவிட முக்கியமானது, வகுப்பு முடிந்தபின் அவர் கொடுத்த வேலை. படித்ததை வீட்டில் அப்பா அம்மாவுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நோயாளிகள் கூப்பிட்டு அனுப்பும்போது தன்னால் எல்லா வீட்டுக்கும் போக முடியாமல், செபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் வீட்டாரைக் கூட்டி விசுவாச மந்திரம் சொல்லிச் செபித்துவிட்டு வந்தார்கள். உட்கார முடியாத கால்களுக்கு நடக்க ஒரு காரணம் கிடைத்தது. பிள்ளைகள் தன்னைச் சாப்பிடவும் விடுவதில்லை, தூங்கவும் விடுவதில்லை, இன்னொரு செபம் சொல்லித்தா என்று நச்சரிக்கிறார்கள் என்றும் அவர் எழுதுகிறார்.

இந்த உற்சாகத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது சரியல்ல. யார் வீட்டில் பழைய வழிபாடு நடக்கிறது என்று பிள்ளைகளே வந்து சொல்வதையும், அவர்களைக் கூட்டிப்போய்ச் சிலைகளை உடைக்கவிட்டதையும் அதே கடிதத்தில் பெருமையாக எழுதியிருக்கிறார். சின்னப் பிள்ளைகளின் வேகத்தை அப்படித் திருப்பிவிட்டது வருத்தமான விஷயம்.

ஒரே ஆள் எத்தனை ஊருக்கு மணியடிக்க முடியும்? சவேரியார் ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை அமர்த்தி, பாடம் சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார். அவர்கள் சம்பளத்துக்கு, போர்ச்சுகல் ராணியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த முத்துப் பணத்தைக் கேட்டுப் பெற்றார். பின்னாளில் ஊருக்கு ஊர் நாம் பார்க்கும் உபதேசியாருக்கு இவர்களே முன்னோடி. 1544-ல் தன் உதவியாளர் மான்சிலாஸுக்கு மணப்பாடு, ஆலந்தலை, திருச்செந்தூர் என்று ஊர் ஊராக நகர்ந்தபடி அவர் எழுதிய கடிதங்களில், பிள்ளைகளின் படிப்பைக் கவனி, மக்களிடம் அன்பாக இரு என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது.

அடுத்து வந்த அண்டிறீக்கு அடிகளார் அதே வழக்கத்தை அச்சில் ஏற்றினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' பலருக்கும் தெரியும். மறு ஆண்டு கொச்சியில் வந்த 'கிரீசித்தியானி வணக்கம்' அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதன் மூலம் மார்க்கோஸ் ஜோர்ஜ் என்பவர் போர்ச்சுகீசியப் பிள்ளைகளுக்காக எழுதிய கேள்வி-பதில் நூல். தமிழில் அச்சேறிய மிகப் பழைய புத்தகங்களில் ஒன்று, பிள்ளைகளை வாய் திறக்கவைக்கும் அமைப்பில் எழுதப்பட்டது என்பது நம் பதிப்பு வரலாற்றில் இன்னும் அழுத்திச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

கரையை விட்டுத் தேரிக்காட்டுப் பக்கம் போனால் கதை வேறு. முதலூர், நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், இடையன்குடி எல்லாம் சீர்திருத்த சபை ஊர்கள். இங்கே பிள்ளைகளின் வகுப்புக்கு ஞாயிறு பள்ளி என்று பெயர். இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரில் 1780-ல் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியது, வாரமெல்லாம் வேலை செய்துவிட்டு ஞாயிறன்று தெருவில் சுற்றிய ஏழைப் பிள்ளைகளுக்காக. இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் 1876-ல் உருவானது. ஆனால் நெல்லைச் சபைகளில் அதற்கு முன்பே ஒரு நல்ல வழக்கம் இருந்தது: படிக்கத் தெரிந்த பையன்கள் பனையோலையும் எழுத்தாணியுமாக வந்து, பிரசங்கத்தை அங்கேயே குறிப்பெடுத்தார்கள். பனையேறிகளின் ஊரில் ஓலைக்கா பஞ்சம்? நீண்ட பிரசங்கத்தின்போது கைக்கு ஒரு வேலை கிடைத்தது.

பிற்பாடு பாடப்புத்தகம் வந்தது, பெஞ்சு வந்தது, தேர்வும் பரிசும் வந்தன. ஆசிரியர் பேச, பிள்ளை கேட்கும் வகுப்பு நிலைத்தது. 'அடங்காத பிள்ளை' என்ற புகார் இந்த ஏற்பாட்டில்தான் பெரிதாகக் கேட்கிறது என்று தோன்றுகிறது.

பழைய முறை செத்துவிடவில்லை. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில், ஊர்க்காரர்கள் சொல்லும் வி.பி.எஸ்.-ல், அது அப்படியே இருக்கிறது. கையை ஆட்டிப் பாடும் பாட்டு, மனன வசனத்தைக் கூட்டமாகச் சொல்லுதல், நாடகம், கடைசி நாள் ஊர்வலம். ஞாயிறு வகுப்பு நடத்துகிறவர்களும் ஒரே மூச்சில் பேசுவதைக் குறைத்து, பாடத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் பிள்ளைகளை எழுந்து நின்று பதில் சொல்லவைக்கலாம். அதிகமாக நெளிகிறவனிடம் வருகைப் பதிவேட்டையோ மணியையோ கொடுக்கலாம். வீட்டுக்குப் போய் ஆச்சியிடம் சொல்லிக்காட்ட ஒரே ஒரு வரி கொடுத்து அனுப்பலாம்.