காசு மட்டும் வேணும், பெயர் வேண்டாமா? ஃபால்கன் ஸ்டூடியோவும் ஒரு சமூக மையமும்: சான்பிரான்சிஸ்கோவின் விசித்திர தொழில் கதை

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரம். மார்க்கெட் ஸ்ட்ரீட், எண் 1800. 1894-ல் கட்டப்பட்ட பழைய வீடு ஒன்று, அதை ஒட்டியே புதிதாக எழுப்பிய கட்டடம் ஒன்று. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த நகரத்தின் எல்ஜிபிடி சமூக மையம். 2002-ல் திறந்தார்கள். வேலை தேடுபவர்களுக்கு வழிகாட்டுதல், இளைஞர்களுக்கான உதவி, கூட்டம் நடத்த அறைகள் என எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள இடம்.

இந்த வளாகத்துக்கு 'சார்லஸ் எம். ஹோம்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

யார் இந்த ஹோம்ஸ்? அரசியல் தலைவரா, எழுத்தாளரா, வழக்கறிஞரா? எதுவும் இல்லை. 'ஃபால்கன் ஸ்டூடியோஸ்' என்ற நிறுவனத்தின் முதலாளி. ஆண் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கான வயது வந்தோர் படங்களை எடுத்து விற்ற நிறுவனம் அது. சாவதற்கு முன் அவர் எழுதி வைத்த தொகை 10 லட்சம் டாலர். அந்தப் பணத்தை மையம் வாங்கிக்கொண்டது. ஆனா பெயரைப் பலகையில் போடலாமா என்பதில்தான் சண்டை வந்தது.

(இந்தக் கட்டுரையில் படங்களுக்குள் என்ன இருக்கிறது என்ற விவரம் எதுவும் இருக்காது. தொழில் எப்படி நடந்தது என்பது மட்டும்தான்.)

எப்படி தொடங்கியது?

ஹோம்ஸ் 1945-ல் பிறந்தவர். இண்டியானா மாநிலத்துக்காரர். அந்தக் காலத்தில் பல இளைஞர்கள் செய்ததைப் போலவே அவரும் சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்து சேர்ந்தார். 1971-ல் ஃபால்கனைத் தொடங்கினார்.

அந்த வருடத்தை கவனியுங்கள். கலிபோர்னியாவில் அப்போது தன்பாலின உறவே குற்றம். அந்தச் சட்டம் நீங்கியது 1976 ஜனவரியில்தான். அமெரிக்க மத்திய அரசின் சிவில் வேலைகளில் தன்பாலின ஈர்ப்பாளர்களைச் சேர்க்கக் கூடாது என்ற கொள்கை 1975 வரை இருந்தது. அதாவது வாடிக்கையாளரின் வாழ்க்கையே சட்டத்துக்கு வெளியே இருந்த நேரத்தில் அவரை நம்பி ஒரு கடை திறக்கிறார் ஹோம்ஸ்.

கடை என்றால் நிஜக் கடை இல்லை, எல்லாமே தபால் வழி வியாபாரம். 8 மி.மீ. ஃபிலிம் சுருளில் சில நிமிடங்களே ஓடும் படங்கள். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் கேட்டலாக் கேட்டு எழுதுவார். பிடித்ததைக் குறித்து பணம் அனுப்புவார். சுருள் பார்சலில் வரும். வீட்டில் புரொஜெக்டர் இருந்தால் சுவரில் ஓட்டிப் பார்க்கலாம். அவ்ளோதான்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனா வாங்குபவர் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையா? அது வெளியே தெரிந்தால் வேலை போகும், குடும்பம் போகும். அதனால் இந்தத் தொழிலில் உண்மையான சொத்து கேமராவோ நடிகரோ இல்லை, முகவரிப் பட்டியல்தான். 'இவங்ககிட்ட நம்ம பேர் பத்திரமா இருக்கும்' என்ற நம்பிக்கை வந்துவிட்டால் அந்த வாடிக்கையாளர் வேறு எங்கும் போக மாட்டார். டெக்சாஸிலோ ஒஹாயோவிலோ ஒரு சின்ன ஊரில் தனியாக இருந்த ஒருவருக்கு, தன்னைப் போல் வேறு ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்ற தகவலே அந்தப் பார்சல் வழியாகத்தான் வந்திருக்கும். இன்றைக்கு கையில் போனோடு இருக்கும் நமக்கு இது புரிவது கொஞ்சம் கஷ்டம்.

தபாலில் அனுப்பினால் ஜெயிலா?

ஃபால்கனுக்கு முன்னாலேயே இந்தப் பாதையில் நடந்தவர்கள் உண்டு. பாப் மைசர் என்பவர் 1945-ல் லாஸ் ஏஞ்சலஸில் 'அத்லெடிக் மாடல் கில்ட்' தொடங்கினார். உடற்பயிற்சிப் படங்கள் என்ற பெயரில் ஆண்களின் புகைப்படங்களைத் தபாலில் விற்றார். இப்படிப்பட்ட பத்திரிகைகளைத் தபால் துறை தடுத்தபோது ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1962-ல் தீர்ப்பு வந்தது: இவை ஆபாசம் அல்ல, தபாலில் அனுப்பலாம். வாஷிங்டனில் இருந்து ஆண்களின் உடற்கட்டுப் பத்திரிகைகளை வெளியிட்ட ஒரு பதிப்பாளர் வாங்கிய தீர்ப்பு அது. தன்பாலின ஈர்ப்பாளர்களின் பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் அது வழி திறந்துவிட்டது.

ஆனால் 1973-ல் 'மில்லர் எதிர் கலிபோர்னியா' வழக்கில் உச்ச நீதிமன்றம் புதிய அளவுகோல் வைத்தது. எது ஆபாசம் என்பதை அந்தந்த ஊரின் சமூக வழக்கத்தை வைத்து முடிவு செய்யலாம் என்றது. தபால் வியாபாரிக்கு இது பெரிய தலைவலி. சான்பிரான்சிஸ்கோவில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு சுருள், வேறு மாநிலத்தில் போய் இறங்கியதும் குற்றமாகிவிடலாம். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஃப்ளோரிடாவில் எடுக்கப்பட்ட 'டீப் த்ரோட்' என்ற எதிர்பால் படத்தில் நடித்தவர் மீது டென்னசி மாநிலத்தின் மெம்பிஸில் வழக்கு நடந்து, 1976-ல் குற்றவாளி என்றே தீர்ப்பானது. பிறகுதான் அது ரத்தானது.

நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் படம் எடுப்பதே விபச்சார ஏற்பாட்டுக் குற்றமா என்ற கேள்விக்கு கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 'இல்லை' என்று சொன்னது 1988-ல்தான். அதுவரை, கிட்டத்தட்ட 17 வருடம், ஃபால்கன் ஒவ்வொரு படப்பிடிப்பையும் கைதுக்குத் தயாராக இருந்துதான் நடத்தியிருக்கிறது.

பணம் கொட்டியது எப்போது?

வீடியோ கேசட் வந்தபோது. அமெரிக்காவில் 1975-ல் பீட்டாமேக்ஸ், 1977-ல் வி.எச்.எஸ். அடுத்த வருடமே, 1978-ல், ஃபால்கனின் 'தி அதர் சைட் ஆஃப் ஆஸ்பென்' வெளியானது. பனிமலைப் பின்னணி. கேஸி டோனவன், ஆல் பார்க்கர் என்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பெயர்கள். இந்தத் துறையில் நிறைய விற்ற படங்களில் ஒன்று இது. பல பாகங்கள் வந்தன.

டோனவன் ஏற்கெனவே நட்சத்திரம். 1971 இறுதியில் நியூயார்க்கில் தியேட்டரில் ஓடிய 'பாய்ஸ் இன் தி சாண்ட்' படத்தின் நாயகன் அவர். தியேட்டருக்குப் போகிறவரை தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள். கேசட்டுக்கு அந்தப் பயம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கலாம். கைவசம் முகவரிப் பட்டியல் வைத்திருந்த நிறுவனத்துக்கு இதைவிட நல்ல காலம் வேறு என்ன?

இன்னொன்று, ஹோம்ஸ் படத்தை விற்றதைவிட பிராண்டை விற்றார் என்றே சொல்லலாம். ஒரே மாதிரி தோற்றம்: கட்டான உடல், மழித்த முகம், நீச்சல் குளம், கலிபோர்னிய வெயில். அட்டையில் ஃபால்கன் என்று இருந்தால் உள்ளே என்ன தரம் என்று வாங்குபவருக்குத் தெரியும். ஜாக்ஸ், முஸ்டாங் என்று துணை பிராண்டுகளும் வந்தன. இதற்கு ஒரு விலையும் உண்டு. அந்த 'அழகு' பெரும்பாலும் வெள்ளை இளைஞர்களின் அழகுதான். மற்ற நிறத்தவர், வயதானவர், குண்டானவர் யாருக்கும் அந்த வெயிலில் இடமில்லை என்ற விமர்சனம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. எனக்கு அது நியாயமான விமர்சனமாகவே படுகிறது. 1999-ல் அதே நகரில் தொடங்கிய 'ரேஜிங் ஸ்டாலியன்' இதற்கு நேர் எதிரான தோற்றத்தை, தாடியும் முடியும் உள்ள ஆண்களை, வைத்தே சந்தை பிடித்தது. அதற்கு முன்பே, ஃபால்கனில் இயக்குநராக இருந்த ஸ்டீவன் ஸ்கார்பரோ வெளியேறி 1993-ல் 'ஹாட் ஹவுஸ்' என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்.

எய்ட்ஸ் வந்தபோது என்ன ஆனது?

1981-ல் முதல் நோயாளிகள் பற்றிய செய்தி வந்தது. சான்பிரான்சிஸ்கோ அமெரிக்காவிலேயே மிக மோசமாக அடிபட்ட நகரங்களில் ஒன்று. 1984-ல் நகர சுகாதாரத் துறை குளியல் விடுதிகளை மூடச் சொன்னது. வெளியே போகப் பயந்த ஆண்கள் வீட்டிலேயே இருந்தார்கள். வீட்டில் வீடியோ பிளேயர் இருந்தது. ஒரு பக்கம் மரணம், இன்னொரு பக்கம் கேசட்டுக்குத் தோதான சந்தை. இதை எப்படிச் சொன்னாலும் நெருடலாகத்தான் இருக்கும்.

அந்த நோய் ஸ்டூடியோக்களுக்கு உள்ளேயும் வந்தது. டோனவன் 1987-ல் இறந்தார். பார்க்கர் 1992-ல். இருவருக்கும் எய்ட்ஸ். பார்க்கர் சொந்தமாகவும் ஒரு நிறுவனம் நடத்தி, படங்களில் பாதுகாப்பான உறவைக் காட்ட வேண்டும் என்று முதலில் வலியுறுத்தியவர்களில் ஒருவர்.

1980களின் இறுதி தொடங்கி, ஃபால்கன் உட்பட தன்பாலின ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் ஆணுறையைக் கட்டாயமாக்கின. எதிர்பால் படத்துறை ரத்தப் பரிசோதனையை நம்பியபோது இவர்கள் ஆணுறையை நம்பினார்கள். அரசாங்கத்தின் நோட்டீஸ் போய்ச் சேராத வீட்டுக்கும் இந்தக் கேசட் போய்ச் சேர்ந்தது என்பதை மறுக்க முடியாது. 2012-ல் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் தினசரி மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகுதான் இந்த வழக்கம் தளர்ந்தது.

காசு வேணும், ஆளு வேண்டாமா?

இந்தப் பணத்தை வைத்து ஹோம்ஸ் என்ன செய்தார்? சொகுசாக வாழ்ந்தார், அதில் சந்தேகமில்லை. கூடவே, அள்ளிக் கொடுத்தார். எய்ட்ஸ் பணிகளுக்கு, உரிமை அமைப்புகளுக்கு, ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களுக்கு. நாட்டின் பெரிய எல்ஜிபிடி உரிமை அமைப்பான 'ஹியூமன் ரைட்ஸ் கேம்பெய்ன்' நிர்வாகக் குழுவிலும் இருந்தார்.

செக் எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் சிலருக்குச் சங்கடம். அவர் கொடுத்ததை வாங்கிய பல இடங்களில் அவரோடு சேர்ந்து நிற்க ஆள் இல்லை. இதையே மையமாக வைத்து மைக்கேல் ஸ்டேபில் 2015-ல் 'சீட் மணி' என்ற ஆவணப்படம் எடுத்தார்.

ஹோம்ஸுக்கும் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. 2000-ல், 55 வயதில் காலமானார். அதன் பிறகுதான் மையத்தின் பெயர் சர்ச்சை. எதிர்த்தவர்கள் கேட்டது: பதின்வயதுப் பிள்ளைகள் உதவி தேடி வரும் இடத்துக்கு இந்தத் தொழில் செய்தவரின் பெயரா? ஏற்கெனவே நம்மை ஆபாசத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்களுக்கு நாமே எடுத்துக் கொடுப்பதா? ஆதரித்தவர்கள் திருப்பிக் கேட்டது: வங்கியும் நிறுவனங்களும் நம்மைத் திரும்பிப் பார்க்காத காலத்தில் காசு கொடுத்தது யார்?

முதல் கேள்வியை வெறும் கூச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனா அந்தப் பிரச்சினை பெயரில் மட்டும் வந்து, பணத்தில் ஏன் வரவில்லை என்பதற்கு நல்ல பதில் இல்லை. கடைசியில் பெயர் வைத்தார்கள்.

இப்போ ஃபால்கன் யார் கையில்?

ஹோம்ஸ் இறந்த பிறகு, 2004-ல் நிறுவனம் கைமாறியது. கேசட் போய் டிவிடி, டிவிடி போய் இணையம். 2006-க்குப் பிறகு இலவச வீடியோ தளங்கள் பெருகியதும், ஒரு படத்துக்கு இவ்வளவு விலை என்ற கணக்கே உடைந்தது. 2010-ல் ஃபால்கனை வாங்கியது ஏ.இ.பி.என். என்ற நிறுவனம். வட கரோலினாவின் சார்லட் நகரைச் சேர்ந்த இது ஸ்டூடியோவாக வளர்ந்தது இல்லை. இணையத்தில் நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கி எல்லோருடைய படத்தையும் ஓட்டும் கம்பெனி. கடைக்காரர் கம்பெனியையே வாங்கிய கதை. ரேஜிங் ஸ்டாலியனும் அதே குடைக்குள் வந்தது. ஃபால்கனை விட்டுப் பிரிந்து தொடங்கிய ஹாட் ஹவுஸும் பின்னர் அங்கேயே வந்து சேர்ந்தது.

2016-ல் வந்த ஒன்லிஃபேன்ஸ் போன்ற தளங்களில் நடிகரே தன் வாடிக்கையாளரிடம் நேரடியாக மாதச் சந்தா வாங்குகிறார். நடுவில் ஸ்டூடியோ இல்லை. ஒரு காலத்தில் ஹோம்ஸ் கையில் இருந்த அந்தப் பட்டியலை இப்போது தளங்கள் வைத்திருக்கின்றன.

மார்க்கெட் ஸ்ட்ரீட் கட்டடத்துக்கு அதிகாரப்பூர்வப் பெயர் இன்னும் ஹோம்ஸ் வளாகம்தான். ஊர்க்காரர்கள் பேச்சில் அது வெறும் 'தி சென்டர்'.