தெய்வ சிந்தை மனிதர்க்கு இயற்கையோ?

தெய்வ சிந்தை மக்கட்குப் பிறவியிலேயே அமைந்ததோ, பெரியோர் புகட்ட வந்ததோ என்னும் வினாவுக்கு விடை தேடி நங்கநல்லூர்வாசிகளாகிய நம்மவர் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. அருகிலுள்ள பல்லாவரத்தில் 1863-ஆம் வருஷம் ராபர்ட் புரூஸ் பூட் துரை ஆதிமனிதரின் கற்கருவியொன்றைக் கண்டெடுத்தார். அக்கல் அவர்தம் கைத்திறனைக் கூறுமேயன்றி நெஞ்சத்தைக் கூறாது.

நிற்க. அந்நூற்றாண்டிலேயே அலெக்ஸாண்டர் ரீ துரை அவ்வூரில் கண்ட, கால்கள் பொருந்திய சுடுமண் ஈமப்பெட்டிகளோ வேறு கதை சொல்கின்றன. உடலோடு யாவும் முடிந்ததென்று எண்ணியவர் இறந்தார்க்கு இத்துணைச் சிரமம் எடுத்திரார். அது பிரிவுத்துயரே, பக்தியன்று என்பாரும் உளர், அவ்வாட்சேபம் தள்ளத்தக்கதன்று. ஆயினும் துயரம் புகும் வாயிலிலேயே பக்தியும் புகும் என்பது எமது துணிபு. 1995-இல் கும்பாபிஷேகம் கண்ட நமது 32 அடி ஆஞ்சநேயருக்கு வழங்கும் திருநாமமும் ஆதிவியாதிஹரர் என்பதே; மனநோயும் உடல்நோயும் போக்குபவர் என்பது அதன் பொருள்.