பெரியம்மையை வென்ற வரலாறு



'அம்மை' என்னும் ஒரே சொல்லால் நம் முன்னோர் பல நோய்களைக் குறித்தனர். பெரியம்மையும் சின்னம்மையும் பெயரால் உடன்பிறப்புகள், பிறப்பால் அல்ல. வைசூரி எனப்பட்ட பெரியம்மையைத் தந்த வைரஸ் 'பாக்ஸ்' குலத்தது. மாட்டம்மை வைரஸ் அதன் உறவு. சின்னம்மையின் வைரஸோ 'ஹெர்ப்பிஸ்' என்னும் வேறு குலத்தது.

வைரஸ்களுள் பாக்ஸ் பேருருவம் கொண்டது. அதன் நீளம் ஏறத்தாழ 300 நானோமீட்டர். இதற்கு நேர்மாறானது 'பார்வோ' குலம். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குச் சிறியது என்பது பொருள். அளவோ ஏறத்தாழ 25 நானோமீட்டரே. குழந்தைகளின் கன்னம் சிவக்கும் ஒருவகைக் காய்ச்சலும், 1978இல் உலகெங்கும் நாய்களிடையே பரவிய கொடிய வயிற்றுப்போக்கும் இக்குலத்தின் வேலை.

எனினும் மனித வரலாற்றை மாற்றியது பெரியம்மையே. தடுப்பு முறையறியாக் காலத்தில் அது கண்டோருள் மூவரில் ஒருவர் மாண்டனர். பிழைத்தோர் பலர் முகத்தழும்பும் குருட்டுக் கண்ணும் பெற்றனர். மயிலாப்பூரில் மக்கள் முண்டகக்கண்ணியம்மனை வேண்டினர். வேப்பிலை செருகிய வாயிலைக் கண்டவர் அவ்வீட்டினுள் நுழையார். நோயாளியைத் தனிமைப்படுத்த இவ்வழக்கம் ஓரளவு துணை செய்தது.

1796இல் எட்வர்டு ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் குத்திப் பெரியம்மையைத் தடுக்கும் முறையைக் கண்டார். 1802இல் அது பம்பாய்க்கும், அவ்வாண்டிலேயே சென்னைக்கும் வந்து சேர்ந்தது. மக்களோ அஞ்சினர். அம்மைப் பாலை ஒரு குழந்தையின் கையிலிருந்து மற்றொரு குழந்தையின் கைக்கு மாற்றிக் குத்திய காலம் அது. பிற சாதிக் குழந்தையின் சீழ் தம் பிள்ளையின் உடலில் ஏறுவதா என்று பலர் மறுத்தனர். திருக்குறளை ஆங்கிலத்தில் விளக்கிய எல்லிஸ் துரை அப்போது சென்னையில் கலெக்டர். மாட்டம்மை குத்துதல் பண்டை வழக்கமே என மக்கள் நம்பும்படி, சக்திக்கும் தன்வந்திரிக்கும் இடையே நிகழும் உரையாடலாக ஒரு கதையை அவர் புனைந்தார். நோக்கம் நன்று, ஆயினும் புனைவினால் பெறும் நம்பிக்கை நிலைக்குமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நம்பிக்கையை வளர்க்கச் செயல் வேண்டும். 1899இல் கிண்டியில் கிங் நிலையம் நிறுவப்பட்டது. அங்கே கன்றுகளின் தோலில் அம்மைப் பால் வளர்க்கப்பட்டு மாநிலமெங்கும் அனுப்பப்பட்டது. கைக்குக் கை மாற்றும் தேவை ஒழிந்தது; அதனோடு பழைய மறுப்பின் ஒரு வேரும் அற்றது. பின்னர்ச் சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. இராமச்சந்திர ராவ் சுமார் 7,000 பெரியம்மை நோயாளிகளை ஆராய்ந்து, 1972இல் நூலாக வெளியிட்டார். அந்நோயின் வகைகளை உலகம் அறிய அந்நூல் பெரிதும் உதவியது.

இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதம் அசாமில் கண்டறியப்பட்டார். 1980 மே 8 அன்று, பெரியம்மை உலகினின்று ஒழிந்தது என உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. இவ்வெற்றிக்குக் காரணங்கள் மூன்று: அந்த வைரஸுக்கு மனிதனையன்றி வேறு உறைவிடம் இல்லை, கொப்புளங்கள் நோயாளியை எளிதில் காட்டிக் கொடுத்தன, தடுப்பு முறை பல்லாண்டு காத்தது.

நோய் ஒழிந்தபின் அம்மை குத்துதல் கைவிடப்பட்டது. என் வயதினர் கையில் அத்தழும்பு உண்டு. உங்கள் தோளில் காணும் வடு காசநோய்த் தடுப்பூசியின் அடையாளமேயாகும். 2022 ஜூலையில் கேரளத்தில் தோன்றிய குரங்கம்மையும் பாக்ஸ் குலத்ததே. ஆனால் அது விலங்குகளிடத்தும் வாழ்வதால், வேரோடு ஒழித்தல் அரிது.

ஆகவே, மாணவர்களே, இதுவரை மனிதன் வேரறுத்த மனித நோய் பெரியம்மை ஒன்றே. மருந்தைக் கண்டவர் ஒருவர். அதனை வீடுதோறும் கொண்டு சென்றவரும், அஞ்சாது கை நீட்டியவரும் கோடிக்கணக்கானோர். வெற்றி அவர்கள் அனைவருக்கும் உரியது.