மானிப்பாயின் மருத்துவத் தமிழும் பன்றியின் சீராக்கும் கலங்களும்

2025ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் அறிவிக்கப்பட்டது. அச்செய்தியை வாசித்தபோது எனக்கு மானிப்பாயே நினைவுக்கு வந்தது. காரணம் சொல்கிறேன்.

நிர்ப்பீடனக் கலங்கள் கிருமிகளை அழிப்பவை. அவை எல்லை மீறிச் சொந்த உடலையே தாக்காதவாறு அடக்கிவைக்கும் வேறொரு வகைக் கலங்களும் உள்ளன. அவற்றைச் சீராக்கும் ரீ கலங்கள் எனலாம். சகாகுச்சி 1995இல் எலிகளில் அவற்றை அடையாளங்காட்டினார். பன்றியிலும் அவை உள்ளன என்பதை வியன்னா மிருக வைத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் விவரித்தனர். இது பண்ணையோடு முடிந்துவிடும் விடயமன்று. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் மரபணு மாற்றப்பட்ட பன்றியின் இதயம் ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அவர் இரண்டு மாதங்கள் உயிர்வாழ்ந்தார். அந்நிய உறுப்பை உடல் ஏற்கச் செய்வதற்கு இக்கலங்கள் துணைபுரியுமா என்பது இன்றைய ஆய்வுப் பொருள்களுள் ஒன்று.

இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல இயலுமா? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இக்கேள்விக்கு அன்றே விடை கண்டார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் செல்வதைக் கண்ட அவர், 1864 முதல் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மாணாக்கரின் துணையுடன் 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம் ஆகிய நூல்களை வெளிக்கொணர்ந்தார். தமிழ்ச்சொல் கிடைத்தவிடத்து அதனை எடுத்தாண்டார். கிடையாதவிடத்துக் கெமிஸ்தம் என்பதுபோல் அந்நியச் சொல்லுக்குத் தமிழ் வடிவம் தந்தார்.

மனுஷ அங்காதிபாதம் வெளிவந்த காலத்தில் நெஞ்சறையிலுள்ள தைமசுச் சுரப்பியின் பணி எவருக்கும் தெரியாது. 1961இல்தான் ஜாக் மில்லர் அதனை வெளிப்படுத்தினார். சீராக்கும் ரீ கலங்களிற் பெரும்பாலானவை முதிர்வதும் அச்சுரப்பியிலேயே. அறிவு வளர்ந்தது, அதனைத் தமிழில் தொடர்ந்து எழுதும் மரபு கிறீனுக்குப் பின் தளர்ந்தது.

இன்று எமது மாணவர் உயர்தரம்வரை நிர்ப்பீடனத்தைத் தமிழில் கற்று, மருத்துவ பீடத்தில் ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர். உலகத்தோடு தொடர்புகொள்ள ஆங்கிலம் அவசியமே. ஆயினும் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் நோயாளி தன் ஐயத்தைத் தமிழிலேதான் கேட்பார். அவருக்கு விளங்கும் விடையை எழுதிவைப்பது எமது மருத்துவர்களதும் பத்திரிகையாளர்களதும் கடமை. அதற்கான வழி மானிப்பாயில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே வகுக்கப்பட்டுவிட்டது.