‘ஃபன்றி’: மதிப்புரைகள் கண்டதும் கடந்ததும்

நாகராஜ் மஞ்சுளே இயக்கிய முதல் முழுநீள மராத்தித் திரைப்படம் ‘ஃபன்றி’ (2013). தலைப்பு கைக்காடி மொழிச் சொல். தமிழுக்கு உறவான மொழி என்பதால் அதன் பொருளை நமக்கு யாரும் பெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. 61ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநர் படத்துக்கான இந்திரா காந்தி விருதைப் படமும், சிறந்த குழந்தை நட்சத்திர விருதைச் சிறுவன் ஜப்யாவாக நடித்த சோம்நாத் அவ்கடேயும் பெற்றனர்.

மதிப்புரைகள் பெரிதும் பாராட்டின. ஆனால் வயல்வெளி, கவண், கருங்குருவி, ஒருதலைக் காதல் ஆகியவற்றைக் கவித்துவம் என்று ஒருபுறமும், சாதியைச் சமூகச் செய்தி என்று மறுபுறமும் பிரித்துப் பாராட்டும் போக்கை நம்மால் ஏற்க இயலாது. கருங்குருவியை எரித்த சாம்பலைத் தூவினால் ஷாலு தன்னை விரும்புவாள் என்று ஜப்யா நம்புகிறான். அவளிடம் நேரே சென்று பேசச் சாதி விடாத சிறுவனுக்கு மந்திரம்தானே மிஞ்சும்? இங்கே கவித்துவம் பிறப்பதே தடையிலிருந்துதான்.

பன்றி பிடிபடும் தறுவாயில் பள்ளியில் நாட்டுப்பண் ஒலிக்கிறது. குடும்பமே அசையாது நிற்க, பன்றி தப்புகிறது. பின்னர், கட்டிய பன்றியை அண்ணல் அம்பேத்கர், சாவித்திரிபாய் பூலே ஓவியங்கள் தீட்டிய பள்ளிச் சுவரைக் கடந்து சுமந்து செல்கின்றனர். இறுதியில் இழிவு செய்தவனை நோக்கி ஜப்யா எறியும் கல் கேமராவை நோக்கி வருகிறது. அந்தக் கல் பார்வையாளர் மீதே எறியப்பட்டது என்று விமர்சகர்கள் சரியாகவே படித்தனர்.

அவர்களில் பலர் ஜப்யாவைத் ‘தலித் சிறுவன்’ என்று எழுதிக் கடந்தனர். அரசியல் பொருளில் அது சரியே; சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மகாராட்டிரத்தில் கைக்காடியினர் விதர்பா மாவட்டங்களில் மட்டுமே பட்டியல் சாதியினர். பிற பகுதிகளில் ‘விமுக்த ஜாதி’, அதாவது 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடியினர் சட்டத்தின் பிடியிலிருந்து விடுபட்டோர். கதை நிகழும், அப்போது அகமதுநகர் எனப்பட்ட வட்டாரம் விதர்பாவுக்கு வெளியே உள்ளது. எனவே ஊர் கூடிச் சாதிப்பெயர் சொல்லி எள்ளினாலும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அக்குடும்பம் முறையிட முடியாது. கல்லெறிந்ததற்காக ஜப்யா மீது புகார் கொடுக்க மட்டும் எந்தத் தடையும் இல்லை.