குறும்பர் கம்பளி

குறும்பாட்டின் கறுத்த மயிரை நூற்றுக் கைத்தறியில் நெய்யும் முரட்டுப் போர்வை. ஆடு மேய்த்தலை மரபுத் தொழிலாகக் கொண்ட குறும்பர் இதை நெய்து வந்தனர். சவ்வாது மலையில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினரே வாழ்கின்றனர். குறும்பர் குடியிருப்புகளோ மலைமேல் அல்லாமல், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துச் சமவெளிகளில் உள்ளன. கன்னடத்தில் 'குரி' என்றால் ஆடு; கர்நாடகத்திலுள்ள குருபர் இவர்களுக்கு உறவினர்.

மயிர் கத்தரிப்பது ஆண்டுக்கு இருமுறை. கத்தரித்த மயிரைச் சிக்கெடுத்து, வில்லால் அடித்துப் பஞ்சாக்கித் தக்கிளியில் நூற்பார்கள். நூற்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்குவதில்லை. ஆடு மேயும்போதே ஆண்களின் கையில் தக்கிளி சுழலும். அடுத்து வருவதுதான் இத்தொழிலின் நுட்பமான கட்டம். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சிய கஞ்சியை, நீட்டிக் கட்டிய பாவில் குச்சத்தால் இழுத்துத் தடவுவார்கள். பிசிறு படிந்து நூல் விறைக்கும். இந்தக் கஞ்சி இல்லாவிட்டால் முரட்டு மயிர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், தறி ஓடாது. சாயம் போடுவதில்லை; ஆட்டின் நிறமே கம்பளியின் நிறம்.

இதையும் துருக்கிய நாடோடி மக்களின் கம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. துர்க்மேனியர், கிர்கிசியர் போன்றோரும் ஆட்டு மந்தையை நம்பி வாழ்ந்தவர்கள். ஆனால் அவர்கள் வீடு கூடாரம், நிலம் கடுங்குளிர் காலம் கொண்ட புல்வெளியும் பாலையும். தரைக்கு மெத்தை, வாசலுக்குத் திரை, சாமானுக்குப் பை என எல்லாவற்றையும் மயிராலேயே செய்துகொள்ள வேண்டியிருந்தது. பாவு இழைகளில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு அடர்த்தியான மயிர்ப்பரப்பை எழுப்பினர். மஞ்சிட்டி இனச் செடியின் வேரில் சிவப்பு எடுத்தனர். நெய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கிர்கிசியரின் 'ஷிர்டாக்' நெய்யப்படுவதே இல்லை. அது மயிரை நனைத்து உருட்டி இறுக்கிய கெட்டித்துணியைத் தைத்துச் செய்வது. யுனெஸ்கோ 2012இல் அதையும் 2019இல் துர்க்மேனியக் கம்பளக் கலையையும் தன் மரபுப் பட்டியல்களில் சேர்த்தது.

நம் வெயிலில் முடிச்சுக் கம்பளத்துக்கு என்ன வேலை? குறும்பர் கம்பளி தரையை அலங்கரிக்கப் பிறந்ததன்று. பகலில் மடித்துத் தோளில் கிடக்கும். மழை வந்தால் தலைக்குக் கொங்காணியாகும். இரவில் கிடை மறித்த காட்டில் படுக்கையும் போர்வையும் அதுவே. பூ வேலை இல்லாததைக் குறையாகச் சொல்வது, குடையில் சித்திரம் இல்லையே என்பது போல.

முடிச்சுக் கம்பளம் இப்பகுதிக்குத் தெரியாததும் அன்று. சவ்வாது மலைக்கு வடகிழக்கே, பாலாற்றங்கரைக்கு அருகிலுள்ள வாலாஜாபேட்டை ஒருகாலத்தில் கம்பள நெசவுக்குப் பேர்போனது. ஹென்றி ஹாரிஸ் 1908இல் எழுதிய தென்னிந்தியக் கம்பள நெசவு பற்றிய நூல் இத்தகைய ஊர்களின் தொழிலைப் பதிவு செய்கிறது. ஆனால் அது கடைத்தெருவுக்கான கைத்தொழில், மேய்ச்சல் வாழ்வின் துணியன்று.

மயிர் நெசவு தமிழகத்தில் பழையது. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதை, பட்டு, பருத்தியோடு மயிரிலும் நெய்தவர்களைப் புகார் நகரத்தில் வைத்துக் காட்டுகிறது. கம்பளத்துக்குச் சபை மதிப்பும் உண்டு. ராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. அவர்களின் பஞ்சாயத்தும் சடங்குகளும் கம்பளம் விரித்து நடந்தன.

இன்று கறுப்புக் குறும்பாடு குறைந்துவிட்டது. மேச்சேரி போன்ற, கம்பளி மயிர் இல்லாத ஆடுகளால் கறியிலும் தோலிலும் வருமானம் வருகிறது. மயிரை யாரும் கேட்பதில்லை. பானிப்பட்டிலிருந்து வரும் மில் போர்வை மலிவு, மழைக்குப் பிளாஸ்டிக் தாள் போதும். கத்தரித்த மயிர் பல இடங்களில் பட்டியோரம் குவிந்து கிடக்கிறது.