பல்லக்கின் கீழ் நடந்தவர்கள்

1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து தமிழகத்தின் கீழைக்கரை நோக்கிப் புறப்பட்ட கப்பலொன்று, காற்றின் வசப்பட்டு இலங்கைக் கரையை அடைந்தது. அதில் வந்தவர் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா. அவர் பத்தாலா எனக் குறிக்கும் பட்டினம் நமது புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் துணிபு. மரவேலியும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த சிற்றூர் அது. வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தனவாம்.

அங்கு ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். பாரசீக மொழி அறிந்த அம்மன்னன் தன் முத்துக்களைக் காட்டி, வேண்டுவது யாதெனக் கேட்டான். ஆதம் நபியின் பாதச்சுவடு என முஸ்லிம்களும், சிவனொளிபாதம் எனச் சைவரும், புத்தர் பாதம் எனப் பௌத்தரும் போற்றும் மலையைக் காண்பதொன்றே தம் வேட்கை என்றார் விருந்தினர். மன்னன் பயணத்துக்கு ஏற்பாடு செய்தான்: யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், அரசவையைச் சார்ந்தோர் 10 பேர், உணவுப் பொருள் சுமப்போர் 15 பேர். இவர்களோடு ஒரு பல்லக்கு. அதைத் தோளில் சுமக்க மன்னனின் அடிமைகள்.

அடிமைகள் எத்தனை பேர்? நூலில் விடையில்லை. அரிசி சுமந்தவனுக்குக் கிடைத்த எண்கூட ஆளைச் சுமந்தவனுக்குக் கிடைக்கவில்லை!

இதை இப்னு பதூதாவின் தனிக்குற்றமாக நாம் கொள்வதற்கில்லை. மலையாளக் கரையில் மக்கள் விலங்குகள்மீது ஏறிச் செல்வதில்லை, பல்லக்கிலேறுவர் அல்லது நடப்பர் என்பதையும், அடிமை இல்லாதோர் கூலிக்கு ஆளமர்த்துவர் என்பதையும் வியந்து எழுதி வைத்தவரும் அவரே. வழக்கத்தைக் கண்ட கண் மனிதனைக் காணவில்லை. கொழும்பில் ஆட்சி செலுத்திய ஜாலஸ்தியின் பெயரையும் அவனிடமிருந்த ஏறத்தாழ 500 அபிசீனியரையும் நினைவில் வைத்துச் சொன்னவர், தம் பல்லக்கின் கீழ் நடந்த ஒருவன் பெயரையும் சொன்னாரில்லை. நாமும் மேலானவர்களல்லர், தமிழ் மன்னன் பன்மொழி அறிந்தவன் என்று இப்பகுதியை மேடைதோறும் எடுத்துக்காட்டுகிறோம், அவனிடம் அடிமைகள் இருந்தனர் என்ற அடுத்த வரியை வாசியாது விடுகிறோம்.

திரும்பும் வழியில் கொழும்பிலிருந்து புத்தளத்துக்கு மூன்று நாள் என்கிறது நூல். இன்றைய நெடுஞ்சாலைக் கணக்கில் அது ஏறத்தாழ 130 கிலோமீற்றர். நாளொன்றுக்கு நாற்பதுக்கு மேல்! மணலும் காயலும் ஆற்றுத் துறைகளும் நிறைந்த கரை இது என்பதைச் சிலாபம், முந்தல் வழியே நடந்து பார்த்தோர் அறிவர். மலையுச்சிக்குச் சங்கிலி பிடித்து ஏறியவர் யாத்திரிகரே; சமதரையில் நடந்த கால்கள் பிறருடையன. வகுப்பில் இப்பாடம் நடந்தபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: "அவங்க எங்க நித்திரை கொண்டாங்க, சேர்?" அந்தக் கேள்வி எந்தப் பரீட்சைத்தாளிலும் வந்ததில்லை.

இப்னு பதூதா பின்னர் சீனத்துக்கும் சென்றதாகக் கூறுகிறார். ஐந்து நூற்றாண்டு கழித்து அதே சீனத்தின் நகரங்களில் அந்நியர் ஏறியது ரிக்ஷாவில். ஜின்ரிகிஷா என்ற ஜப்பானியச் சொல்லுக்கு மனிதவலு வண்டி என்பது பொருள், பெயரிலாவது ஒளிவுமறைவில்லை. 1870களில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதை ஷாங்காய்க்குக் கொணர்ந்தார். கொழும்புக்கும் அது வந்தது; துறைமுகத்தில் இறங்கிய வெள்ளையருக்கான வழிகாட்டி நூல்கள் அதன் கட்டணத்தை அச்சிட்டன. இழுத்தவர்களுள் தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் பலர். கட்டணம் அச்சேறிற்று, ஆள் ஏறவில்லை.

சீனத்திலோ ஓர் எழுத்தாளன் பார்வையைத் திருப்பினான். லாவ் ஷே 1936இல் தொடராக எழுதத் தொடங்கிய 'ஒட்டகச் சியாங்ஸு' நாவலின் நாயகன் பீகிங் நகரத்து ரிக்ஷாக்காரன். ஆண்டுக்கணக்கில் வயிற்றைக் கட்டிச் சேர்த்துச் சொந்த வண்டி வாங்குகிறான். படைவீரர் அதைப் பறித்துக்கொள்கின்றனர். வண்டியில் ஏறியவர்கள் அந்நூலில் துணைப் பாத்திரங்கள்.

ஷாங்காயில் 1956இல் கையால் இழுக்கும் ரிக்ஷா ஒழிந்தது. தமிழகத்தில் 1973இல் அரசு அதை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷா வழங்கிற்று. ஓடிய கால்கள் மிதிக்கத் தொடங்கின. பின்னிருக்கையில் அமர்வோர் அப்படியே இருந்தனர். பீகிங்கின் பழைய சந்துகளைக் காணவரும் உல்லாசப் பயணிகள் இன்றும் அத்தகைய மூன்று சில்லு வண்டியில் ஏறிப் படம் பிடிக்கின்றனர். முன்னே மிதிப்பவனின் முதுகு பெரும்பாலும் அப்படத்தில் விழுந்துவிடுகிறது.